ஜூலை 4 விருந்து, 120 பேர்: சிவப்பும் வெள்ளையும் சரி, இந்த நீலத்தை என்ன செய்வது?

மாவுக்கை (ஜூன் 8)

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு கேட்டரிங்காரருக்கு இனிப்புப் பகுதியை மட்டும் செய்து கொடுக்கிறேன். இரண்டு வருஷமாக நடக்கிறது. இதுவரை வந்ததெல்லாம் பிறந்தநாள், பட்டமளிப்பு மாதிரி சின்ன விசேஷங்கள்.

இப்போது ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. ஜூலை 4, சனிக்கிழமை, ஒரு வீட்டுத் தோட்டத்தில் விருந்து. 120 பேர். பகல் ஒரு மணிக்குத் தொடங்கி ஐந்து வரை. இந்த வருஷம் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் 250ஆவது ஆண்டு என்பதால் வீட்டுக்கார அம்மா ரொம்ப உற்சாகமாக இருக்கிறார். இனிப்பு மேசை முழுக்கச் சிவப்பு, வெள்ளை, நீலம்தான் இருக்க வேண்டுமாம்.

நான் எழுதிக் கொடுத்த பட்டியல்: நீல ஃப்ராஸ்டிங் (கேக் மேல் பூசும் கிரீம்) வைத்த ரெட் வெல்வெட் என்ற சிவப்புக் கப்கேக், மூவண்ண ஜெல்லி, நீல மக்கரோன் (தூத்துக்குடி மக்ரூன் இல்லை, பாதாம் மாவில் செய்து நடுவில் கிரீம் வைக்கும் பிரெஞ்சு வகை), கொடி மாதிரி பழம் அடுக்கிய கேக், கப்பில் ட்ரைஃபிள் (கேக், கிரீம், பழம் அடுக்கியது). ஐந்தையும் பார்த்து அந்த அம்மா கைதட்டினார். நேற்று நீல ஃப்ராஸ்டிங்கை மட்டும் சோதனை செய்து பார்த்தேன். பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் நிறத்தில் வந்தது. இன்னும் கொஞ்சம் நீலம் விட்டேன், மயில் கழுத்து நிறமானது. மறுபடியும் விட்டேன், நாக்கு கசந்தது.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் சைவம். சிலர் முட்டை சாப்பிடுவார்கள், ஆனால் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைத் தொட மாட்டார்கள். எங்கே தொடங்குவது?

ஷீட்பேன் (ஜூன் 8)

நிறத்துக்கு அப்புறம் வருவோம். முதலில் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். அந்த வீட்டில் உங்களுக்கு எத்தனை ஃப்ரிட்ஜ் தட்டு கிடைக்கும்? இனிப்பு மேசை எங்கே, வெயிலிலா, பந்தலுக்கு அடியிலா? சமையலறையிலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம்? அப்புறம், செய்வது உங்கள் வீட்டிலா, கேட்டரிங் சமையலறையிலா? நியூ ஜெர்சியில் வீட்டில் பேக் செய்து விற்க அனுமதி வந்ததே 2021இல்தான். அந்த அனுமதியிலும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய பண்டம் எதுவும் செல்லாது.

மாவுக்கை (ஜூன் 8)

செய்வது கேட்டரிங்காரரின் உரிமம் உள்ள சமையலறையில், அதனால் அந்தச் சிக்கல் இல்லை. வண்டியில் 40 நிமிஷம். அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு தட்டு தருவதாகச் சொன்னார்கள். நான்கு பெரிய கூலர் பெட்டி எங்களிடம் இருக்கிறது. மேசை தோட்டத்தில் வெள்ளைப் பந்தலுக்கு அடியில். வீட்டுக்குள் சமையலறை ஏசியில் இருக்கும்.

ஷீட்பேன் (ஜூன் 8)

அப்படியென்றால் உங்கள் பட்டியலைப் போட்டது நீங்கள், திருத்தப் போவது வெயில்.

கெட்டுப்போகக்கூடிய எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அது ஒரு மணி நேரம்தான். கிரீம், கஸ்டர்ட், கிரீம் சீஸ் எல்லாம் இதில் அடக்கம். உங்கள் விருந்து நான்கு மணி நேரம். ஐந்து பண்டத்தையும் ஒரே நேரத்தில் பரப்பிவைத்தால் இரண்டரை மணிக்குப் பாதியைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும்.

மக்கரோனை எடுத்துவிடுங்கள். ஜூலை மாத ஈரப்பதத்தில் அது காயவும் காயாது, காய்ந்தாலும் மேசையில் ஒட்டிக்கொள்ளும். 120 பேருக்கு மக்கரோன் அடுக்குவது என்பது ஒரு முழு நாள் வேலை, அதை யாரும் பாராட்டவும் மாட்டார்கள். ட்ரைஃபிளும் கொடிக் கேக்கும் ஒரே பழம், ஒரே கிரீம், ஒரே சுவை. இரண்டில் ஒன்று போதும்.

எண்ணிக்கை: சாப்பாட்டுக்கு அப்புறம் இனிப்பு மேசை என்றால் ஆளுக்கு மூன்று சின்னத் துண்டு என்று கணக்குப் போடுவேன். 360. கொஞ்சம் கூட வைத்து 390. அதை மூன்று பண்டமாகப் பிரியுங்கள்.

பட்டர்கிரீம்_பைத்தியம் (ஜூன் 9)

குளத்துத் தண்ணீருக்கு விளக்கம் நான் சொல்கிறேன், இதில் நான் அடிபட்டவள்.

வெண்ணெய் மஞ்சள். மஞ்சளில் நீலம் விழுந்தால் பச்சைதான் வரும், நீங்கள் எவ்வளவு விலை உயர்ந்த நிறம் வாங்கினாலும். முதலில் வெண்ணெயை மட்டும் மெஷினில் ஏழெட்டு நிமிஷம் அடியுங்கள், காற்று ஏற ஏற வெளுக்கும். அப்புறம் ஊதா ஜெல் நிறத்தைப் பல்குத்தியின் நுனியில் தொட்டுக் கலக்குங்கள். நுனி என்றால் நுனிதான். ஊதா மஞ்சளை அடக்கிவிடும், வெண்ணெய் வெள்ளையாகத் தெரியும். அதற்குப் பிறகு நீலம் விட்டால் நீலமாகவே வரும்.

இரண்டாவது விஷயம் பொறுமை. கலந்த உடனே தெரியும் நிறம் கடைசி நிறம் இல்லை. மூடி வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள், இரண்டு சாயல் கூடியிருக்கும். நீங்கள் வேண்டும் என்று நினைக்கும் அடர்த்திக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். சிவப்புக்கும் இதேதான். முதல் நாள் அடர்ந்த இளஞ்சிவப்பில் விட்டுவிட்டால் மறுநாள் சிவப்பாக இருக்கும். அன்றே சிவப்பாக்கப் பார்த்தால் அரைப் புட்டி நிறம் போகும், கசப்பு வாயிலேயே நிற்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் கருத்தையும் சொல்கிறேன்: கொடியின் அடர் நீலத்தை ஃப்ராஸ்டிங்கில் கொண்டுவராதீர்கள். வரும். ஆனால் 120 பேரும் நீலப் பல்லோடு படத்துக்குச் சிரிப்பார்கள். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கே இது நடந்தது. அந்தப் படங்களை இன்றுவரை எனக்கு யாரும் அனுப்பவில்லை.

சங்குப்பூ_ரசிகை (ஜூன் 9)

செயற்கை நிறமே எதற்கு? சங்குப்பூ இருக்கிறதே. வெந்நீரில் போட்டால் மை மாதிரி நீலம் இறங்கும், கசப்பும் இல்லை. சிவப்புக்குப் பீட்ரூட் அல்லது ஸ்ட்ராபெர்ரி. வெள்ளைக்குத் தேங்காய்ப்பால். மூன்றும் கிடைத்துவிட்டன. சிவப்பு நிறத்தையே அரசாங்கம் தடை செய்துவிட்டதாகப் படித்தேன், அப்புறம் ஏன் வம்பு?

லேபிள்_படிப்பவன் (ஜூன் 9)

ஒரு திருத்தம். தடை வந்தது சிவப்பு எண் 3 என்ற செயற்கை நிறத்துக்கு மட்டும். எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) 2025 ஜனவரியில் அதன் அனுமதியை ரத்து செய்தது, உணவுத் தயாரிப்பாளர்களுக்கு 2027 ஜனவரி 15 வரை அவகாசம். கடையில் கிடைக்கும் பெரும்பாலான சிவப்பு ஜெல்களில் இருப்பது சிவப்பு எண் 40, அது வேறு. பழைய ஸ்ப்ரிங்கிள்ஸ் (கேக் மேல் தூவும் நிற மிட்டாய்த் துகள்) டப்பா, செர்ரிப் பழ டப்பா இருந்தால் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், எண் 3 அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சைவக்காரர்களுக்கு இன்னொன்று. 'இயற்கைச் சிவப்பு' என்று விற்கும் சிலவற்றில் கார்மைன் இருக்கும். அது கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுப்பது. 2011 முதல் அதைப் பெயர் சொல்லி லேபிளில் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் படித்தால் தெரிந்துவிடும், படிக்காவிட்டால்தான் தெரியாது. இயற்கை என்ற வார்த்தையைப் பார்த்துச் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சங்குப்பூவுக்கும் அதே கவனம் வேண்டும். 2021இல் எஃப்டிஏ அனுமதித்தது உலர்ந்த இதழ்களிலிருந்து எடுக்கும் நீர்ச் சாற்றை, உணவு நிறமூட்டியாக. வீட்டில் உங்களுக்கு நீங்களே தேநீர் போட்டுக் குடிப்பது வேறு, காசு வாங்கிக்கொண்டு 120 பேருக்குப் பரிமாறுவது வேறு. உணவு நிறம் என்றே லேபிள் போட்டு விற்கும் சாற்றை வாங்கினால் கேட்டரிங்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

சங்குப்பூ_ரசிகை (ஜூன் 9)

கார்மைன் விஷயம் தெரியாது, நன்றி. பூச்சியா! என் அலமாரியில் ஒன்று இருக்கிறது, இப்போதே போய்ப் பார்க்கிறேன்.

பட்டர்கிரீம்_பைத்தியம் (ஜூன் 9)

சங்குப்பூவில் ஒரு குணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதாவாகிவிடும். நீல லெமனேட் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வித்தை காட்டுவதற்கு நன்றாக இருக்கும், கொடிக்கு ஆகாது. பாசியிலிருந்து எடுக்கும் நீல ஸ்பைருலினாப் பொடியும் அழகுதான், ஆனால் சூடு தாங்காது. கொதிக்கும் எதிலும் போடக் கூடாது, ஆறிய பிறகு கலக்க வேண்டும்.

ப்ளூபெர்ரியை அரைத்து நீலம் எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: வராது. தோல் மட்டும்தான் நீலம், அரைத்தால் ஊதா. கேக் மாவில் கலந்து சமையல் சோடா கொஞ்சம் கூடிப்போனால் பழத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். பூஞ்சை என்று நினைத்து ஒருவர் முழு மஃபின் தட்டையும் திருப்பிக் கொடுத்தார்.

முழுப் பழமாக வைத்தால் மட்டும்தான் ப்ளூபெர்ரி நீலம்.

ஷீட்பேன் (ஜூன் 10)

கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாவுக்கை. நீங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். காட்டுச் செடியாக இருந்த ப்ளூபெர்ரியை வளர்த்துத் தோட்டப் பயிராக்கி, 1916இல் முதல் முறையாகச் சந்தைக்கு அனுப்பியது உங்கள் மாநிலத்து வைட்ஸ்பாக் பண்ணையிலிருந்துதான். எலிசபெத் வைட் என்ற பண்ணைக்காரரும் ஃபிரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளரும் சேர்ந்து செய்த வேலை. ஜூலை தொடக்கம் அங்கே சரியான அறுவடைக் காலம். நீலம் மரத்திலேயே, சரி, செடியிலேயே தொங்குகிறது. அதை விட்டுவிட்டுப் புட்டியில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீலத்தைப் பழத்துக்கு விடுங்கள். வெள்ளையை அதிகமாக்குங்கள். மூன்று நிறமும் சம அளவில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? முக்கால்வாசி வெள்ளை, மேலே சிவப்பும் நீலமும் கொஞ்சம் இருந்தாலே கண் கொடியைப் பார்த்துவிடும்.

மாவுக்கை (ஜூன் 10)

உறைக்கிறது. அந்த வழியிலேயே போகலாம். கொடிக் கேக்கை வைத்துக்கொள்கிறேன், ட்ரைஃபிளும் மக்கரோனும் வேண்டாம். ரெட் வெல்வெட்டும் வேண்டாம், அதன் மேல் போடும் கிரீம் சீஸ் வெயிலில் நிற்காது. மூவண்ண ஜெல்லியை மட்டும் விட மனசில்லை. ஜெலட்டின் இல்லாமல் நடக்குமா?

கொடியை வெட்டிச் சாப்பிடுவது தவறில்லையா என்று என் கணவர் கேட்கிறார். அதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

லேபிள்_படிப்பவன் (ஜூன் 10)

கொடி பற்றி: அமெரிக்கக் கொடி விதித்தொகுப்பில் கேக் பற்றி எதுவும் கிடையாது. ஆனால் காகித நாப்கின், பெட்டி மாதிரி ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருட்களில் கொடியை அச்சிடக் கூடாது என்று இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் ஜூலை மாதம் எந்தக் கடைக்குப் போனாலும் அந்த நாப்கின்தான் முதலில் கண்ணில் படும். அந்தத் தொகுப்பு ஒரு வழிகாட்டி மாதிரி, மீறினால் தண்டனை என்று யாரும் வருவதில்லை. இருந்தாலும் விருந்தில் ராணுவத்தில் இருந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் கொடி அச்சிட்ட நாப்கினில் அவர்கள் கை துடைக்கத் தயங்குவார்கள். நிறம் மட்டும் உள்ள சாதாரண நாப்கின் வாங்கிவிடுங்கள். கேக்கை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடற்பாசி_அக்கா (ஜூன் 11)

ஜெல்லி என் துறை. அகர் அகரில் செய்யுங்கள், நாம் சைனா கிராஸ் என்று சொல்வோமே, அது. சைவம் என்பதைவிட எனக்கு முக்கியமான காரணம் வேறு. ஜெலட்டின் வெயிலில் இளகிவிடும், 95 டிகிரி தோட்டத்தில் அரை மணி நேரத்தில் சர்பத். அகர் மறுபடி உருக 185 டிகிரி வேண்டும். தோட்டத்தில் அது கல்லு மாதிரி நிற்கும்.

கணக்கு: ஒரு கப் திரவத்துக்கு ஒரு தேக்கரண்டி அகர் பொடி. 9க்கு 13 அங்குலத் தட்டுக்கு ஒவ்வொரு அடுக்கும் இரண்டரை கப். மூன்று அடுக்கும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு அங்குல உயரம் வரும். ஒன்றரை அங்குலச் சதுரமாக வெட்டினால் 48 துண்டு. மூன்று தட்டு போட்டால் 144.

சிவப்புக்கு ஸ்ட்ராபெர்ரிச் சாறு வடிகட்டி எடுங்கள். ஆனால் பழச்சாற்றோடு சேர்த்து அகரைக் கொதிக்கவிடாதீர்கள், புளிப்பும் கொதிப்பும் சேர்ந்தால் அகர் வலு இழந்துவிடும். தண்ணீரில் தனியாக இரண்டு மூன்று நிமிஷம் நன்றாகக் கொதிக்கவைத்துச் சர்க்கரை கரைத்து, இறக்கிய பிறகு வெதுவெதுப்பான சாற்றை ஊற்றுங்கள். சாறு ஃப்ரிட்ஜிலிருந்து வந்ததாக இருந்தால் கரண்டியிலேயே உறைந்து கட்டி கட்டியாகிவிடும். வெள்ளைக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். நீலத்துக்கு சங்குப்பூச் சாறு, லேசான சர்க்கரைப் பாகு, வேறெதுவும் வேண்டாம்.

இப்போது முக்கியமானது. அடுக்கு ஒட்டுவதற்கு நேரம் இருக்கிறது. கீழ் அடுக்கின் மேல் விரல் வைத்தால் லேசாக ஆட வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது, தட்டு இன்னும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அடுத்த அடுக்கைச் சூடாக, ஒரு கரண்டியின் முதுகில் விட்டு மெதுவாக ஊற்றுங்கள். அந்த நேரத்தை விட்டுவிட்டால், கீழே இருப்பது குளிர்ந்து இறுகிவிட்டால், மேல் அடுக்கு உட்காரும், ஒட்டாது. வெட்டும்போது செருப்பு கழன்ற மாதிரி நழுவிவிடும். அடுத்த அடுக்குக்கான பாத்திரத்தை எப்போதும் அடுப்பில் தயாராக வையுங்கள். தொலைபேசியை அணைத்துவிடுங்கள், நிஜமாகச் சொல்கிறேன்.

முதல் நாள் சாயங்காலம் செய்தால் போதும். இரண்டு நாள் முன்னால் செய்தால் நீலம் மெல்ல வெள்ளைக்குள் கசிந்து கோடு மங்கிவிடும். அகர் கொஞ்சம் தண்ணீரும் விடும், பரிமாறுவதற்கு முன் காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள்.

மாவுக்கை (ஜூன் 11)

அக்கா, அப்படியே அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.

மூன்றாவது பண்டமாக வெள்ளைச் சாக்லேட்டில் முக்கிய ஸ்ட்ராபெர்ரி, நுனியில் நீலச் சர்க்கரை. பழம் சிவப்பு, சாக்லேட் வெள்ளை, நுனி நீலம். சாக்லேட்டிலேயே நீலம் கலந்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

ஷீட்பேன் (ஜூன் 11)

ஜெல் நிறத்தைச் சாக்லேட்டில் விடாதீர்கள்! அதில் தண்ணீர் இருக்கும், ஒரு சொட்டில் சாக்லேட் முழுவதும் திரிந்து மணல் மாதிரி ஆகிவிடும். எண்ணெயில் கரையும் நிறம் என்று தனியாக விற்கிறார்கள், அது மட்டும்தான் ஆகும். நீங்கள் சொன்ன நீலச் சர்க்கரையே நல்ல யோசனை, விட்டுவிடுங்கள்.

பழத்தைக் கழுவித் துணியில் பரப்பி, சொட்டு ஈரம் இல்லாமல் துடையுங்கள். ஒரு பவுண்டுக்கு 16 பழம் என்று வைத்தால் 150க்கு பத்துப் பவுண்டு, அழுகியது நசுங்கியது கழித்து. சாக்லேட் மூன்றரைப் பவுண்டு. சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கு முக்கி, சொட்டவிட்டு, ஈரமாக இருக்கும்போதே நுனியைச் சர்க்கரையில் தொடுங்கள்.

அன்று காலை செய்யுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரே வெயிலுக்குக் கொண்டுபோனால் மேலே வேர்க்கும், நீலச் சர்க்கரை கரைந்து கண்மை வழிந்த மாதிரி ஓடும். ஏசி அறையில் வைத்திருந்து, 50 50ஆக மூன்று முறை வெளியே அனுப்புங்கள்.

பழைய_ஐஸ்வண்டி (ஜூன் 12)

இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன், ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ஊரில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்றாலே என் பிள்ளைகளுக்கு ராக்கெட் மாதிரி இருக்கும் பாம் பாப் ஐஸ்தான். 1955இல் கான்சஸ் சிட்டியில் பிறந்தது. செர்ரி, லைம், நீல ராஸ்பெர்ரி. நீல ராஸ்பெர்ரி என்று உலகத்தில் ஒரு பழம் கிடையாது என்று என் மகனுக்குப் பன்னிரண்டு வயதில்தான் தெரிந்தது, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

குழந்தைகள் எத்தனை பேர்? ஒரு கூலரில் ஐஸ் வாங்கிப் போட்டுவிடுங்கள். உங்கள் ஸ்ட்ராபெர்ரி பிழைக்கும்.

மாவுக்கை (ஜூன் 12)

முப்பது குழந்தைகள். வீட்டுக்கார அம்மாவிடம் சொல்கிறேன், கட்டாயம்.

ஷீட்பேன் (ஜூன் 13)

கொடிக் கேக்குக்கு ஒரு அளவு தருகிறேன், இதைக் கண்டுபிடித்த நாள் எனக்கே சந்தோஷமாக இருந்தது. அரை ஷீட் என்று சொல்லும் பேக்கிங் தட்டு 13க்கு 18 அங்குலம். கொடியில் 13 கோடு. அப்படியென்றால் ஒரு கோடு ஒரு அங்குலம்! அளவுகோல் வைத்துக் கிரீமில் பல்குத்தியால் கீறிக்கொள்ளுங்கள். வேகும்போது கேக் ஓரம் கொஞ்சம் சுருங்கும், அதைக் கிரீம் மூடிவிடும். நீலக் கட்டம் மேலிருந்து ஏழு கோடு வரை, அகலம் ஏழே கால் அங்குலம் போல. சிவப்பில் தொடங்கிச் சிவப்பில் முடிய வேண்டும், ஏழு சிவப்பு, ஆறு வெள்ளை. இதைத் தப்பாகப் போட்டால் மேசைக்கு வரும் முதல் குழந்தையே எண்ணிச் சொல்லிவிடும்.

நீலக் கட்டத்துக்கு ஒரு கேக்குக்கு ஒரு பைன்ட் (இரண்டு கப்) ப்ளூபெர்ரி. சிவப்புக்கு ஸ்ட்ராபெர்ரி வேண்டாம், வெட்டினால் ஒரு மணி நேரத்தில் சாறு விட்டு வெள்ளைக் கோட்டைக் கெடுக்கும். ராஸ்பெர்ரியை முழுதாக, ஓட்டை கீழே இருக்கும்படி ஒரே வரிசையாக வையுங்கள். ஆறு அவுன்ஸ் பெட்டி மூன்று போதும், நான்கு வாங்குங்கள். கழுவியது ஈரமாக இருக்கவே கூடாது. 50 நட்சத்திரம் போட முயற்சி செய்யாதீர்கள். ப்ளூபெர்ரிக்கு நடுவில் அங்கங்கே கிரீம் பொட்டு வைத்தால் நட்சத்திரம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

ஓரம் வெட்டியது போக இரண்டு அங்குலத் துண்டாக 48 வரும். இரண்டு கேக், 96. ஜெல்லி 144, ஸ்ட்ராபெர்ரி 150. மொத்தம் 390, நான் முதல் நாள் சொன்ன எண். (தற்செயல்தான், ஆனால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.)

கிரீம் நிற்க ஒரு கப் கிரீமுக்கு இரண்டு மேசைக்கரண்டி வனிலா புட்டிங் பொடி சேர்த்து அடியுங்கள், ஜெலட்டின் இல்லாமலே பிடிக்கும், ஆனால் பொடி கொஞ்சம் மஞ்சள். மாஸ்கார்போனே என்ற இத்தாலிய கிரீம் சீஸ் சேர்த்தால் வெள்ளையாக நிற்கும், செலவு கூடும். நான் மாஸ்கார்போனே போடுவேன், வெள்ளை வெள்ளையாக இல்லாவிட்டால் இந்த மொத்த வேலைக்கும் அர்த்தமில்லை. கேக்கை மூன்று மணி வரை உள்ளே ஃப்ரிட்ஜில் வைத்து, வெளியே கொண்டுவந்து, படம் எடுத்து, உடனே வெட்டிவிட வேண்டும்.

பட்டர்கிரீம்_பைத்தியம் (ஜூன் 13)

சொல்ல மறந்தது: ஒவ்வொன்றுக்கும் முன்னால் சின்ன அட்டை வையுங்கள். பால், முட்டை, கோதுமை எதில் இருக்கிறது என்று. ஜெல்லிக்கு 'ஜெலட்டின் இல்லை' என்று பெரிதாக எழுதுங்கள். இல்லாவிட்டால் சைவக்காரர்கள் யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள், 144 துண்டும் உங்கள் வண்டியில் திரும்பி வரும்.

மாவுக்கை (ஜூலை 6)

எல்லோருக்கும் வணக்கம், உயிரோடு இருக்கிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தோல்வி. கடற்பாசி அக்கா, தொலைபேசியை அணைக்கச் சொன்னீர்கள். நான் அணைக்கவில்லை. வெள்ளி சாயங்காலம் மூன்றாவது தட்டில் வெள்ளை அடுக்கு ஊற்றி முடித்த நேரத்தில், பந்தல் எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டு வீட்டுக்கார அம்மா அழைத்தார். பதினெட்டு நிமிஷம். திரும்பி வந்தபோது வெள்ளை கல்லாக இருந்தது. சரி, போகட்டும் என்று நீலத்தை ஊற்றினேன். சனி காலை வெட்டும்போது நீங்கள் சொன்ன செருப்பு மாதிரியே கழன்றது. அழுகை வந்துவிட்டது. அப்புறம் அந்தத் தட்டு முழுவதையும் அரை அங்குலத் துண்டாக வெட்டி, மூன்று நிறத்தையும் கலந்து, சின்னக் கண்ணாடி கப்களில் போட்டு மேலே கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டேன். அதுதான் முதலில் தீர்ந்தது. சதுரத் துண்டுகளை விட அதற்குத்தான் ஆள் நின்றார்கள். நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

வெயில் 93ஐத் தொட்டது. ஸ்ட்ராபெர்ரி 50 50ஆகப் போனது. இரண்டாவது தட்டு கொஞ்ச நேரம் கூடுதலாக வெளியே இருந்துவிட்டது, நீலம் வழிந்தது, நிஜமாகவே கண்மைதான். அதையும் ஒரு குழந்தைக் கூட்டம் தின்று தீர்த்தது. ஐஸ் கூலர் நாற்பது நிமிஷத்தில் காலி.

கொடிக் கேக்கை மூன்று மணிக்கு வெளியே கொண்டுவந்தோம். பதின்மூன்று கோடு, ஷீட்பேன், ஒரு பெரியவர் விரலால் எண்ணினார். எண்ணி முடித்துத் தலையை ஆட்டிவிட்டு ஒரு ஓரத் துண்டு கேட்டார். ஓரத்தையெல்லாம் நான் வெட்டி எறியவில்லை, தனி டப்பாவில் வைத்திருந்தேன், அதிலிருந்து கொடுத்தேன்.

மிச்சம்: ஜெல்லி 11, ஸ்ட்ராபெர்ரி 4, கேக் எதுவும் இல்லை. ப்ளூபெர்ரி ஒரு பைன்ட் கூடுதலாக வாங்கியிருந்தேன், அது இப்போது என் முன்னால் கிண்ணத்தில் இருக்கிறது.

வீட்டுக்கார அம்மா நேற்று அழைத்தார். அடுத்த வருஷம் மக்கரோன் வைக்க முடியுமா என்று கேட்கிறார்.

ஷீட்பேன் (ஜூலை 6)

முடியாது என்று சொல்லுங்கள்.